திட்டிய வார்த்தை எங்கே போச்சு?

போன மாதம், புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் மெய்ப்புப் பார்த்துக் கொடுத்த பக்கங்களில் இப்படி ஒரு வரி இருந்தது: 'மாற்றுத்திறன்கண்ணுக்குத் தெரியாதது ஞானக்கண்ணுக்குத் தெரியும்.' சைவ சித்தாந்தம் பற்றிய கட்டுரை அது. மூலத்தில் ஊனக்கண் என்று இருந்திருக்கிறது. ஊன் என்றால் உடம்பு, தசை. தம்பி கணினியில் 'ஊன' என்று தேடி, கண்ணில் பட்டதையெல்லாம் மாற்றிவிட்டார். சிரித்து முடித்த பிறகு கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. அவர் வயதில் நான் செய்தவை இதைவிட மோசம்.

குருடு, செவிடு, நொண்டி என்று எழுதக்கூடாது என்று இங்கே சொல்லப்போவதில்லை. அது இன்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்த பிறகு, நல்ல எண்ணத்தோடேயே நாம் செய்யும் தவறுகள்தான் எனக்குப் பெரிய தலைவலி.

ஆளுக்கு வைத்த பெயரைக் காயத்துக்கு வைப்பது

மாற்றுத்திறனாளி என்ற சொல் தமிழ்நாட்டு அரசு வழக்கில் நிலைபெற்றது கருணாநிதி முதல்வராக இருந்தபோது. 2010-இல் தனித் துறையே அந்தப் பெயரில் வந்தது. நல்ல சொல்தான். ஆனால் அது ஆளைக் குறிக்கும் சொல். 'விபத்தில் அவருடைய இடது கால் மாற்றுத்திறன் அடைந்தது' என்று எழுதினால் கால் ஏதோ புது வித்தை கற்றுக்கொண்டது போல இருக்கிறது. கால் போனது, செயலிழந்தது, முறிந்தது என்று எழுதுங்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைத் தனித்தனியாகப் பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறது. என்ன குறைபாடு என்பது உதவித்தொகைக்கும் சான்றிதழுக்கும் தேவைப்படும் தகவல். மரியாதை என்ற பெயரில் தகவலை அழித்துவிடக்கூடாது.

2015 டிசம்பரில் பிரதமர் மோடி வானொலியில் 'திவ்யாங்' என்ற சொல்லை முன்வைத்தார். தெய்விக உறுப்பு உடையவர் என்று பொருள். எங்களுக்குத் தெய்விகம் வேண்டாம், சாய்தளம் போதும் என்கிற தொனியில் பல மாற்றுத்திறனாளி அமைப்புகளே அதை எதிர்த்தன. அளவுக்கு மீறிய மரியாதையும் ஆளைத் தள்ளி வைக்கும்.

திட்டியவனின் வாயைக் கழுவிவிடுவது

இதைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன். இருபது வருஷமாகியும் நினைத்தால் எரிச்சல் வருகிறது, முதலில் என் மேலேயே.

அப்போது ஒரு சிறிய பதிப்பகத்தில் வேலை. விழுப்புரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் விவசாயக் கூலியாக இருந்த ஒரு மூதாட்டியின் வாய்மொழி வரலாற்றை நூலாக்கிக்கொண்டிருந்தோம். எழுபதுகளில் ஒரு நாள், கூலி கேட்டுப் போனவரை நிலக்காரர் களத்துமேட்டில் எல்லோர் முன்னாலும் சாதிப் பெயரோடு இன்னொன்றையும் சேர்த்துத் திட்டியிருக்கிறார். அந்தச் சொல்லை அவர் ஒலிப்பதிவில் மூன்று முறை, அதே குரலில், அதே இழுவையோடு சொல்லிக்காட்டியிருந்தார். நான் என்ன செய்தேன்? 'சாதியைச் சொல்லி இழிவாகப் பேசினார்' என்று ஒரே வரியாக்கிவிட்டேன். முற்போக்கான காரியம் செய்த நிறைவு வேறு. அன்று மாலை டீ குடிக்கும்போது அதைப் பெருமையாகச் சொன்னதும் ஞாபகம் இருக்கிறது.

வெளியீட்டுக்கு நாலு நாள் முன்பு, படி ஒன்றை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனோம். பேத்தி வாசித்துக் காட்டினார். அந்தப் பக்கம் வந்ததும் மூதாட்டி கையைக் காட்டி நிறுத்தினார். "தம்பி, அவன் சொன்ன வார்த்தை எங்க?" நான் நாகரிகம், வாசகர் மனம் என்று ஏதேதோ சொன்னேன். "அவன் சொன்னப்போ எனக்கு நாகரிகமாவா இருந்துச்சு? முப்பது வருஷமா நான் சுமந்துக்கிட்டு வந்தத நீ ஏன் கீழ போட்ட?" என்றார். பேத்தி புத்தகத்தை மூடிவிட்டார்.

அறுநூறு படிகள். அந்தப் பாரத்தை மட்டும், அதாவது பதினாறு பக்கத்தை, மறுபடி அச்சடித்து, தைத்ததைப் பிரித்து, மறுபடி கட்டினோம். வெளியீடு தள்ளிப்போனது. மூன்று மாதம் என் சம்பளத்தில் பிடித்தம். அந்தச் சொல்லை இங்கேயும் நான் எழுதவில்லை, கவனித்திருப்பீர்கள். இது அவருடைய புத்தகம் இல்லை, என் கட்டுரை. சொல்வதா வேண்டாமா என்பது அவர் எடுக்க வேண்டிய முடிவு. அதைத்தான் அன்று நான் அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டேன்.

இது வெறும் இலக்கிய விவகாரம் என்று நினைக்க வேண்டாம். 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-இல் திருத்தம் வந்தபோது, பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவது தனிப் பிரிவாகவே சேர்க்கப்பட்டது. அங்கே என்ன சொன்னான் என்பதுதான் குற்றமே. புகாரில் 'தகாத வார்த்தைகளால் திட்டினார்' என்று எழுதிக்கொடுத்தால் குடிகாரன் உளறலும் சாதித் திட்டும் ஒன்றாகிவிடும். எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கும் முதல் கேள்வி, 'என்ன வார்த்தை?' என்பதாகத்தான் இருக்கும். தெரிந்தவர்களுக்கு மனு எழுதிக்கொடுக்கும் நல்ல உள்ளங்கள்தான் இந்தத் தவறை அதிகம் செய்கிறார்கள். கூச்சப்பட்டு எழுதாமல் விடுவார்கள். கூச்சம் அவர்களுடையது, நஷ்டம் இன்னொருவருக்கு.

நம் இலக்கணத்தில் இந்தக் கூச்சத்துக்கு ஒரு பழைய வழக்கம் உண்டு. 'அவையல் கிளவி மறைத்தனர் கிளத்தல்' என்கிறது தொல்காப்பியம். அவையில் சொல்லத் தகாததை மறைத்துச் சொல்லு என்பது விதி. நன்னூல் அதை இடக்கரடக்கல் என்கிறது. சுடுகாட்டை நன்காடு என்பதும் கறுப்பு ஆட்டை வெள்ளாடு என்பதும் பக்கத்திலேயே இருக்கும் மங்கல வழக்கு. இவையெல்லாம் கேட்கிறவரின் காதைக் காப்பாற்றும் ஏற்பாடுகள். இன்று நாம் சொற்களை மாற்றுவது சொல்லப்படுகிறவரின் மானத்துக்காக. இரண்டையும் போட்டுக் குழப்பினேன். அவையின் காது நோகக்கூடாது என்று அந்த அம்மாவின் வாயை அடைத்தேன்.

இந்த வாரம் பாருங்கள், அதே தம்பி ஒரு நேர்காணலில், 'என்னை அலின்னு கூப்பிட்டாங்க' என்று ஒருவர் சொன்னதை 'என்னைத் திருநங்கைன்னு கூப்பிட்டாங்க' என்று திருத்தியிருக்கிறார். அப்படிக் கூப்பிட்டிருந்தால் அவர் ஏன் அழப்போகிறார்?

பெயரை வெளியில் நின்று சூட்டுவது

ஹரிஜன் என்ற சொல்லைக் காந்தி பரப்பினார், 1933-இல் அந்தப் பெயரில் பத்திரிகையும் தொடங்கினார். அம்பேத்கர் ஏற்கவில்லை. 1938-இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் ஒரு மசோதாவுக்குள் அந்தச் சொல் நுழைந்தபோது தன் கட்சியினரோடு வெளிநடப்பே செய்தார். 1982-இல் மத்திய அரசு அந்தச் சொல்லை அலுவல் வழக்கில் பயன்படுத்த வேண்டாம் என்றது. இன்றும் வயதானவர்கள் சிலர் அதை மரியாதைச் சொல் என்று நம்பித்தான் சொல்கிறார்கள். அவர்களோடு சண்டை போடத் தேவையில்லை, அச்சில் வராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

சென்னை மாகாணத்தில் ஆதிதிராவிடர் என்ற பெயர் அரசாணையில் ஏறியது 1922-இல். அதைச் சட்டமன்றத்தில் கேட்டு வாங்கியவர் எம்.சி.ராஜா, அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவரே. நூறு வருஷம் கழித்தும் அந்தச் சொல் புழக்கத்தில் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. தலித் என்ற சொல்லையும் போராடியவர்களே எடுத்துக்கொண்டார்கள். 2018-இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் தொலைக்காட்சிகளுக்கு அதைத் தவிர்க்கச் சொன்னபோது எதிர்ப்பு கிளம்பியது. அப்புறம், தலித் என்று சொன்னால் பிடிக்காத பட்டியல் சாதியினரும் உண்டு. ஆக, எழுதுகிற நமக்கு ஒரே வழி: எப்படிக் குறிப்பிடலாம் என்று அவரிடமே கேளுங்கள். ஒரு போன் போடுகிற வேலை.

பாலின விஷயத்திலும் இதேதான். அரவாணி போய்த் திருநங்கை வந்ததும், எல்லோரையும் திருநங்கை என்று எழுதிவிடுகிறார்கள். ஆணாக மாறியவர் திருநம்பி. பொதுவாகச் சொல்ல திருநர். சென்னை உயர் நீதிமன்ற வழக்கு ஒன்றின் தொடர்ச்சியாக, 2022-இல் தமிழக அரசு இதற்கெனச் சொற்பட்டியலையே அரசிதழில் வெளியிட்டது. மேசையில் ஒரு படி இருக்கட்டும்.

கற்பழிப்பு

எழுதாதீர்கள். வன்புணர்வு என்றால் வன்புணர்வு என்றே எழுதுங்கள். 'வன்கொடுமை' என்று மொட்டையாக விட்டால் அது சாதி வழக்கா பாலியல் வழக்கா என்று தலைப்பைப் பார்த்துச் சொல்ல முடியாது.

புதுச் சொல் அழுக்காகாது என்று நம்புவது

1794-இல் சென்னையில் தொடங்கிய மனநல மருத்துவமனை 1871-இல் கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது. பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்பதை மாற்றி மனநலக் காப்பகம் என்று பலகை வைத்தார்கள். நாம் ஊர்ப் பெயரையே வசவாக்கிவிட்டோம். 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று சொல்லாத காமெடி உண்டா? அந்தப் பேட்டையில் இரண்டு லட்சம் வாடகை கொடுத்துக் குடியிருப்பவரும் சேர்த்துத்தான் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். எங்கள் தெரு மைதானத்தில் போன வாரம் கேட்ச் விட்ட பையனை இன்னொருவன், "டேய் மாற்றுத்திறனாளி!" என்றான். பதினோரு வயது இருக்கும்.

முதல் எழுத்தைப் போட்டு மீதிக்குப் புள்ளி வைப்பது

யாரை ஏமாற்ற?

பழைய நூல்களில் கை வைப்பது

வைக்காதீர்கள். எந்த ஆண்டில் எழுதியது என்று முன்னுரையில் போடுங்கள், தேவைப்பட்டால் அங்கேயே ஒரு பத்தி எழுதுங்கள்.