தொட்டித் தண்ணீரின் பிஹெச்சில் கை வைக்கும் முன்

ஆறு மாதமாகச் சரியாகக் கவனிக்காமல் விட்டிருந்த மீன் தொட்டி அது. தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. பதினான்கு கப்பி மீன்களும் நன்றாக நீந்திக்கொண்டிருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பாதித் தண்ணீரை வெளியேற்றிவிட்டு, குளோரின் நீக்கிய புதுத் தண்ணீரை ஊற்றினேன். மத்தியானத்துக்குள் எல்லா மீன்களும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. செவுள்கள் ரத்தச் சிவப்பு. இருட்டுவதற்குள் ஒன்பது போய்விட்டன. அழுக்குத் தண்ணீரில் ஆறு மாதம் உயிரோடு இருந்தவை நல்ல தண்ணீரில் செத்தன. அதற்குக் காரணம் பிஹெச்தான் என்று விளங்க எனக்குப் பல நாளானது. இன்னொருவர் தொட்டியில் அப்படி நடக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பிஹெச் என்பது தண்ணீரில் ஹைட்ரஜன் அயனி எவ்வளவு இருக்கிறது என்பதைச் சொல்லும் எண். 7 நடுநிலை, கீழே போனால் அமிலம், மேலே போனால் காரம். இது பள்ளியிலேயே படித்ததுதான். பலர் மறந்துவிடுவது, ஒவ்வோர் எண்ணும் பத்து மடங்கு என்பதை. 7-இலிருந்து 6-க்கு இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடுகிறது, 5-க்கு இறங்கினால் நூறு மடங்கு. 1909-இல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் சோரன்சன் இந்த அளவுகோலைக் கொண்டுவந்தபோது அவர் ஆராய்ந்துகொண்டிருந்தது என்சைம்களை. என்சைம் ஒரு புரதம். சுற்றியுள்ள பிஹெச் மாறினால் அதன் மின்னேற்றம் மாறும், மடிப்பு குலையும், வேலை நின்றுபோகும். நம் வயிற்றில் இருக்கும் பெப்சினுக்கு பிஹெச் 2 வாக்கில் இருக்க வேண்டும். சிறுகுடலில் வேலை செய்யும் டிரிப்சினுக்கு 8 வாக்கில். ரத்தமோ 7.35-க்கும் 7.45-க்கும் இடையிலேயே நிற்க வேண்டும். மீனுக்கு இன்னும் சிரமம். செவுளின் மெல்லிய தோலுக்கு அந்தப் பக்கம் தண்ணீர், இந்தப் பக்கம் ரத்தம்.

சரி, என் தொட்டியில் என்ன நடந்தது? மீன் வெளியேற்றும் கழிவில் முக்கியமானது அம்மோனியா. தண்ணீரில் அது இரண்டு வடிவத்தில் இருக்கும். ஒன்று, செவுள் வழியாக எளிதில் உள்ளே புகுந்துவிடும் அம்மோனியா, அது விஷம். மற்றது ஒரு ஹைட்ரஜன் அயனியைப் பிடித்துக்கொண்ட அம்மோனியம், அது அவ்வளவாகத் தீங்கு செய்யாது. எது எவ்வளவு என்பதை முடிவு செய்வது பிஹெச். 25 டிகிரி வெப்பத்தில், பிஹெச் 7-இல் மொத்தத்தில் அரை சதவீதத்துக்குச் சற்று மேல்தான் விஷ வடிவம். 8-இல் ஐந்து சதவீதத்துக்கும் மேல். 9-இல் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிவிடும். கடையில் வாங்கும் டெஸ்ட் கிட் பெரும்பாலும் இரண்டையும் சேர்த்து ஒரே எண்ணாகத்தான் காட்டும்.

அன்று என் தொட்டியின் பிஹெச் 6. இரண்டு வடிவமும் சேர்த்து லிட்டருக்கு 4 மில்லிகிராம் அம்மோனியா சேர்ந்திருந்தது. அதில் விஷ வடிவம் 0.002 மில்லிகிராம் அளவே. பாதித் தண்ணீர் மாற்றியதும் மொத்தம் 2 மில்லிகிராமாகக் குறைந்தது. ஆனால் பிஹெச் 7.8-க்கு ஏறியதால் விஷ வடிவம் சுமார் 0.07 ஆனது. மொத்தம் பாதியாகக் குறைந்தபோது விஷம் முப்பது மடங்கு கூடிவிட்டது.

ஆகவே முதல் வேலை அளப்பது. சொட்டு மருந்து ஊற்றி நிறம் பார்க்கும் கிட் போதும். பகல் வெளிச்சத்தில், வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்துப் பாருங்கள். மீட்டர் வைத்திருந்தால் பிஹெச் 7, பிஹெச் 4 என்று அளவு தெரிந்த பஃபர் கரைசல்களில் சரிசெய்துவிட்டு அளக்க வேண்டும். உங்கள் தண்ணீர் 7-க்கு மேல் என்றால் 4-க்குப் பதில் 10. மீட்டரின் முனையைக் காயவிடக் கூடாது, காய்ச்சி வடித்த நீரில் ஊற வைக்கவும் கூடாது. அதற்கென்று விற்கும் பொட்டாசியம் குளோரைடு கரைசலில்தான் வைக்க வேண்டும்.

எப்போது அளக்கிறோம் என்பதும் முக்கியம். செடி வைத்த தொட்டியில் பகலில் செடிகள் கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொள்வதால் பிஹெச் ஏறும். இரவில் செடி, மீன் எல்லாம் அதை வெளியிடுவதால் இறங்கும். காலையில் ஒரு நாளும் மாலையில் ஒரு நாளும் அளந்து ஒப்பிட்டால் இல்லாத பிரச்சினை இருப்பதுபோலத் தெரியும். நான் தினமும் மாலை ஐந்து மணிக்கு அளக்கிறேன். குழாய்த் தண்ணீரையும் பிடித்த உடனே அளக்காதீர்கள். ஒரு வாளியில் ஏர் பம்ப் போட்டு ஒரு நாள் விட்டால், கரைந்திருக்கும் வாயு வெளியேறி உண்மையான அளவு தெரியும்.

பிஹெச்சோடு கேஹெச்சையும் பாருங்கள். என்னைக் கேட்டால் இதுதான் பிஹெச்சைவிட முக்கியமான எண். தண்ணீரில் உள்ள பைகார்பனேட்டின் அளவு அது, வந்து சேரும் அமிலத்தை விழுங்கிக்கொள்ளும் சேமிப்பு. ஃபில்டர் ஸ்பாஞ்சில் குடியிருக்கும் பேக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது அல்லவா, அந்த வேலையே அமிலத்தை உண்டாக்கும். ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற, கால்சியம் கார்பனேட் கணக்கில் சுமார் 7 மில்லிகிராம் காரத்தன்மை செலவாகிறது. தண்ணீரே மாற்றாமல் விட்டால் சேமிப்பு தீரும், பிஹெச் சரியும். 6.5-க்குக் கீழே அந்தப் பேக்டீரியாவே சோர்ந்துவிடும், 6 வாக்கில் ஏறக்குறைய நின்றுவிடும். அப்புறம் அம்மோனியம் சத்தமில்லாமல் சேர்ந்துகொண்டே போகும். என் தொட்டியில் ஆறு மாதம் நடந்தது அதுதான்.

இப்படிப்பட்ட தொட்டி உங்களிடம் இருந்தால் ஒரே நாளில் நிறையத் தண்ணீர் மாற்றாதீர்கள். முதலில் மொத்த அம்மோனியாவை அளந்துகொள்ளுங்கள். தீனியை வெகுவாகக் குறையுங்கள். தினமும் பத்தில் ஒரு பங்கு, முடிந்தால் அதற்கும் குறைவாக, தண்ணீரை மெதுவாக ஊற்றி மாற்றுங்கள். ஊற்றி ஒரு மணி நேரம் கழித்து பிஹெச் பாருங்கள், சட்டென்று ஏறியிருந்தால் மறுநாள் அளவைப் பாதியாக்குங்கள். மொத்த அம்மோனியா பூஜ்யத்தை ஒட்டி வந்த பிறகுதான் பிஹெச்சை உயர்த்துவதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

உயர்த்த எளிய பொருள் சமையல் சோடா. 50 லிட்டருக்கு 5 கிராம் போட்டால் கேஹெச் 3 டிகிரிக்குச் சற்று மேல் கூடும் (இங்கே டிகிரி என்பது வெப்பமல்ல, கேஹெச்சின் அலகு). அதை ஒரே தடவையில் போடாமல், நான்காகப் பிரித்து, தனியே கரைத்து, நான்கு நாளில் ஊற்றுவேன். நீண்ட காலத்துக்கு என்றால் ஃபில்டரில் ஒரு துணிப்பையில் நொறுக்கிய பவளக்கல் வைப்பது நல்லது. தண்ணீர் அமிலமாகும்போது அது தானாகவே கரையும்.

குறைப்பதற்கு வினிகரோ வேறு அமிலமோ ஊற்றவே ஊற்றாதீர்கள். கேஹெச் இருக்கும்வரை பிஹெச் மறுபடி மேலே வந்துகொண்டே இருக்கும். சேமிப்பு தீர்ந்த நிமிடத்தில் கிடுகிடுவென்று விழும். அந்த ஏற்ற இறக்கம்தான் மீனைக் கொல்லும். மென்மையான, அமிலத் தண்ணீரை விரும்பும் நியான் டெட்ரா மாதிரி மீன்களுக்கு ஆர்ஓ தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து முதலில் கேஹெச்சைக் குறைக்க வேண்டும். அதன் பிறகு பீட் (சதுப்பு நிலத்தில் மக்கிய பாசி) அல்லது மரக்கட்டை போட்டால் பிஹெச் தானே இறங்கும். கப்பிக்கு இதெல்லாம் தேவையே இல்லை, சற்றுக் காரமான, கடினமான தண்ணீர்தான் அதற்குப் பிடிக்கும்.

புது மீன் கொண்டுவரும்போதும் இதே கவனம் வேண்டும். பையோடு கால் மணி நேரம் மிதக்கவிட்டால் வெப்பம் மட்டும்தான் சமமாகும். இரண்டு தண்ணீரின் பிஹெச்சும் வேறு வேறாக இருந்தால் மீனை ஒரு வாளியில் விட்டு, காற்றுக் குழாய் வழியாகத் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் இறக்குங்கள். ஆனால் நெடுந்தூரம் பையில் அடைபட்டு வந்த மீனுக்கு இப்படிச் செய்யக் கூடாது. மூடிய பையில் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து பிஹெச் இறங்கியிருக்கும், கூடவே அம்மோனியமும் சேர்ந்திருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறும், பிஹெச் ஏறும், அன்று என் தொட்டியில் நடந்தது பைக்குள் நடக்கும். அந்த மீனைப் பைத் தண்ணீரிலிருந்து உடனே வலையில் எடுத்து, பிஹெச்சும் வெப்பமும் ஒத்த சுத்தமான தண்ணீரில் விட்டுவிட வேண்டும்.