ஐக்கிய இராச்சியத்தில் கடைக்கு வான் எடுக்குமுன்: லீஸ் ஒப்பந்தத்தை விளங்கிக்கொள்ளுதல்

இலங்கையில் ஒருவர் வானை லீசிங்கில் எடுத்திருப்பதாகச் சொன்னால், தவணை முடிந்ததும் அது அவருடையதாகிவிடும் என்றே கேட்பவர் விளங்கிக்கொள்வார். தமிழ்நாட்டில் வண்டிக் கடனைக் கட்டி முடித்து, ஆர்.சி. புத்தகத்திலிருந்து வங்கியின் பெயரை நீக்குவதும் ஏறத்தாழ அதே ஏற்பாடுதான். அந்த எண்ணத்தோடு இங்கு வந்து, லண்டனின் ஈஸ்ட் ஹாமிலோ ஹரோவிலோ ஒரு பலசரக்குக் கடையைத் தொடங்குபவர், லீஸ் என்ற சொல்லைக் கண்டதும் ஊர் வழக்கத்தையே நினைத்துக் கையொப்பமிட்டுவிடுகிறார். இங்கே அச்சொல் பெரும்பாலும் வாடகையையே குறிக்கிறது. மூன்றாண்டுகள் ஒரு மாதமும் தவறாமல் கட்டினாலும் வான் உங்கள் பெயருக்கு வராது.

விற்பனையாளர் முன்வைக்கும் தாள் எந்த வகையைச் சேர்ந்தது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். கொன்ட்ராக்ட் ஹயர் என்றால் முழுமையான வாடகை: காலம் முடிந்ததும் வானைத் திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள், அதன் சந்தை விலை விழுந்திருந்தாலும் அது கம்பனியின் பாடு. ஊர் லீசிங்குக்கு மிக நெருக்கமானது ஹயர் பர்ச்சேஸ். கடைசித் தவணையோடு ஒரு சிறு கட்டணத்தையும் செலுத்தினால் உரிமை உங்களுக்கு மாறும். இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கும் ஃபினான்ஸ் லீஸில்தான் நம்மவர்கள் அதிகம் இடறுகிறார்கள். அதில் மாதக் கட்டணத்தைக் குறைத்துக் காட்டுவதற்காகக் கடைசியில் பலூன் என்ற பெரிய தொகையொன்றை வைப்பார்கள். காலம் முடிந்ததும் வானை நீங்கள் வாங்க முடியாது, மூன்றாம் நபர் ஒருவருக்கு விற்றாக வேண்டும், விற்ற விலை அந்தத் தொகையை எட்டாவிட்டால் குறைவதை நீங்களே கட்ட வேண்டும். பலூன் 8,000 பவுண் என்று எழுதியிருக்க, வான் 6,500 பவுணுக்கு விலைபோனால், 1,500 பவுண் உங்கள் கைக்காசு. கூடுதலாக விலைபோனால் அதில் பெரும்பகுதி உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும் என்பதும் உண்மைதான். ஆனால் பழைய வான்களின் விலையைக் கணித்துப் பழகாத ஒருவர் முதல் வானிலேயே அந்த ஆபத்தை ஏற்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் தெரியும் மாதக் கட்டணம் முழுக் கணக்கு அல்ல. 9+35 என்று குறித்திருந்தால், ஒன்பது மாதக் கட்டணத்தை முதலிலேயே கட்டி, பிறகு முப்பத்தைந்து மாதம் கட்ட வேண்டும் என்று பொருள். மாதம் 280 பவுண் என்று வைத்துக்கொண்டால், முதலில் 2,520 பவுண், பிறகு 9,800 பவுண், ஆக மொத்தம் 12,320 பவுண். இதன்மேல் 20 வீத வற் (பெறுமதி சேர்) வரியையும் சேர்த்தால் 14,784 பவுண் ஆகிறது. வான் விளம்பரங்களில் விலையை வற் வரி சேர்க்காமல் போடுவதே வழக்கம். வற் பதிவு பெற்ற வியாபாரத்துக்கு அந்த வரியை மீளப் பெறும் வழியுண்டு. ஆண்டு விற்பனை 90,000 பவுணைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம் என்பதால், புதிதாகத் தொடங்கும் பல சிறு கடைகள் பதிவில்லாமலே இயங்குகின்றன. அவர்களுக்கு வரியாகக் கட்டும் அந்த 2,464 பவுணும் திரும்பி வராத செலவு.

அடுத்தது மைல் வரம்பு. ஆண்டுக்கு 10,000 மைல் என்று ஒப்புக்கொண்டு மூன்றாண்டில் 42,000 மைல் ஓடியிருந்தால், மிகையான 12,000 மைலுக்கும், மைலுக்கு 8 பென்ஸ் வீதம் பார்த்தாலும், 960 பவுணும் அதன்மேல் வரியும் கட்ட வேண்டிவரும். காலையில் மொத்தச் சந்தைக்கும் மாலையில் வீட்டு விநியோகத்துக்கும் போய்வரும் தூரத்தை ஒரு மாதம் எழுதிப் பார்த்துவிட்டு வரம்பைத் தீர்மானியுங்கள். தொடக்கத்திலேயே கூட்டிக் கேட்பது, கடைசியில் மிகைக் கட்டணம் கொடுப்பதைவிடப் பொதுவாக மலிவு.

திருப்பிக் கொடுக்கும் நாளைப் பற்றி நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் என் முதல் வானில் பட்டது அங்கேதான். பரிசோதகர் கையில் ஒரு சிறு டோர்ச்சோடு வந்தார். வெளிப்பக்கத்தை விரைவில் முடித்துக்கொண்டு, பின்கதவைத் திறந்து உள்ளே குனிந்து வெகுநேரம் பார்த்தார். இருபது கிலோ அரிசி மூட்டைகளைத் தள்ளுவண்டியில் ஏற்றி இறக்கியபோது கதவின் உள்விளிம்பு இடிபட்டு, பூச்சு உரிந்து, தகரம் தெரிந்தது. உட்சுவரில் நான் தட்டுகள் பொருத்திய ஆணித் துளைகள் ஒவ்வொன்றையும் எண்ணிக் குறித்தார். பிரித்தானிய வாகன வாடகை நிறுவனங்களின் சங்கமான பி.வி.ஆர்.எல்.ஏ. வெளியிடும் நியாயமான தேய்மானக் கையேட்டை அவர் பின்பற்றினார். அப்படியொரு கையேடு இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். வானை எடுத்த வாரமே உட்பக்கம் முழுவதும் பலகை அடித்திருந்தால் அந்தச் சேதத்தில் பெரும்பகுதியைத் தவிர்த்திருக்கலாம். தட்டு பொருத்துவதானாலும் கடைப் பெயரை ஒட்டுவதானாலும் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி பெறுங்கள்.

இடையில் கடையை மூட நேர்ந்தால் என்ன ஆகும் என்பதையும் ஒப்பந்தத்தில் தேடிப் பாருங்கள். மீதிக் கட்டணத்தில் பாதி என்று ஒப்பந்தம் சொன்னால், இருபது மாதம் எஞ்சியிருக்கும்போது, மாதம் 280 பவுண் என்ற மேற்சொன்ன கணக்கில் 2,800 பவுணும் வரியும் வரும். ஃபினான்ஸ் லீஸில் மீதி முழுவதையுமே கேட்கக்கூடும். கம்பனியின் பெயரில்தானே எடுத்தோம் என்ற ஆறுதலும் எப்போதும் செல்லாது: புதிய கம்பனிகளிடம் இயக்குநரின் தனிப்பட்ட பிணையைக் கேட்பார்கள், அதில் கையொப்பமிட்டால் கம்பனி விழுந்தாலும் கடன் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டும். இந்நாட்டில் கடன் வரலாறு இல்லாத புதியவரிடம் பிணையோ பெரிய முற்பணமோ கேட்பது வழக்கமே. தனிவணிகராக 25,000 பவுணுக்கு மேற்படாத ஒப்பந்தம் செய்பவருக்கு 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம் சில பாதுகாப்புகளைத் தருகிறது. லிமிட்டெட் கம்பனிக்கு அவை இல்லை.

சாரதி அனுமதிப்பத்திர விடயத்தை விரைவாகச் சொல்லிவிடலாம். இலங்கை, இந்திய அனுமதிப்பத்திரங்களைக் கொண்டு இங்கு குடியேறிய நாளிலிருந்து 12 மாதங்கள்தான் ஓட்டலாம். அவற்றை நேரடியாக மாற்றித் தர மாட்டார்கள், இங்குள்ள பரீட்சைகளில் தேறித்தான் ஆக வேண்டும். காப்புறுதியில் சொந்தச் சரக்கை ஏற்றுவது வேறு, பிறர் பொதிகளைக் கூலிக்கு விநியோகிப்பது வேறு. பின்னதைச் சொல்லாமல் செய்தால் விபத்தின்போது இழப்பீடு மறுக்கப்படலாம். வான் முற்றாக அழிந்தால் காப்புறுதி அன்றைய சந்தை விலையை மட்டுமே தரும் என்பதால், ஒப்பந்தத்தில் எஞ்சும் தொகைக்கும் அதற்குமுள்ள இடைவெளியை ஈடுசெய்யும் கப் (GAP) காப்புறுதியைப் பற்றியும் கேளுங்கள்.

வானின் பதிவு லீஸ் கம்பனியின் பெயரில் இருப்பதால் தரிப்பிடத் தண்டப் பத்திரம் முதலில் அவர்களிடம்தான் போகும். அதை உங்களுக்கு அனுப்பவும் அவர்கள் தனிக் கட்டணம் எடுப்பார்கள். பாரிசில் உள்ள உறவினரிடம் அந்த வானில் போக நினைத்தாலும் அவர்களின் அனுமதியும், வி.ஈ.103 என்ற சான்றிதழும் வேண்டும். வானை ஒப்படைக்கும் நாளில் அதைக் கழுவி, பகல் வெளிச்சத்தில் நான்கு பக்கமும் உள்ளேயும் மைல்மானியையும் படமெடுத்து, பரிசோதகர் நிரப்பிய தாளின் பிரதியை வாங்கிக்கொண்ட பிறகே திறப்பைக் கொடுங்கள்.