ஆளைப் பற்றிக் கேட்டால் சுவரைக் காட்டாதீர்கள்

போன மாதம் இங்கே சிங்கப்பூரில் இரண்டு இளம் உள்வடிவமைப்பாளர்கள் ஒரு பரிந்துரைக் கோப்போடு என்னைப் பார்க்க வந்தார்கள். தங்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மூத்தவரை எங்கள் துறையின் சேவைக் கௌரவத்துக்கு முன்மொழியப் போகிறார்களாம். நல்ல மனசு. கோப்பைத் திறந்தால் 40 பக்கம், அதில் 38 பக்கம் படங்கள். கொண்டோ எனும் தனியார் அடுக்குமாடியின் வரவேற்பறை, பளிங்குத் தரை, மறைவிளக்கு வைத்த ஃபால்ஸ் சீலிங். 11 ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே தவறு.

கடைசி நாளைத் தவறவிடாதீர்கள், பெயரைப் பிழையில்லாமல் எழுதுங்கள் என்பதெல்லாம் யாருக்கும் தெரியும். மற்றத் தவறுகளைச் சொல்கிறேன்.

சேவையைக் கேட்டால் வேலையைக் காட்டுவது

வேலைக்குக் கொடுக்கும் விருது வேறு, ஆளுக்குச் செய்யும் மரியாதை வேறு. 2006இல் தொடங்கிய அதிபர் வடிவமைப்பு விருதிலேயே ஆண்டின் சிறந்த வடிவமைப்பாளர், ஆண்டின் சிறந்த வடிவமைப்பு என்று இரண்டு பிரிவு உண்டு. அமெரிக்க உள்வடிவமைப்பாளர் சங்கம் தொழிலுக்குச் செய்த சேவைக்கென்றே 'ஃபெல்லோ' என்ற தகுதியைத் தனியாக வைத்திருக்கிறது. ஒருவர் கட்டிக்கொடுத்த வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும், துறைக்கு அவர் என்ன செய்தார் என்பதை அந்த வீட்டுப் படம் சொல்லாது.

நான் முன்மொழிந்தது ஓர் அக்காவை. அவரிடம்தான் நான் தொழில் கற்றேன். சனிக்கிழமை மதியம் ஏழெட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு பொங்கோலில் ஏதாவது புது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்குப் போவார். சுவரைத் தட்டிக் காட்டி, எது உடைக்கலாம், எது உடைக்கக்கூடாது என்று எங்களைச் சொல்லவைப்பார். பாம் ஷெல்டர், அதாவது வீட்டுக்குள் இருக்கும் குண்டுவீச்சுப் புகலிட அறை, அதன் சுவரில் கைவைக்கக்கூடாது, அதன் கதவைக் கழற்றக்கூடாது. புது வீட்டில் குளியலறை ஓடுகளை முதல் 3 ஆண்டுக்குப் பெயர்க்கக்கூடாது. சத்தம் வரும் வேலை வாரநாளில் காலை 9 முதல் மாலை 5 வரைதான். விதியோடு நிறுத்தமாட்டார். "கீழ் வீட்டில் இரவு ஷிஃப்ட் முடிந்து தூங்குகிறவர் இருப்பார், முதல்நாளே கதவைத் தட்டிச் சொல்லிவிட்டு ஆரம்பி" என்பார். இதற்கெல்லாம் ஒரு காசு வாங்கியதில்லை.

முதியவர்கள் வீட்டுக்கும் போவார். வீவக 2012இல் முதியவர்களுக்கான ஈஸ் திட்டத்தைத் தொடங்கியபின் குளியலறைக் கைப்பிடியும் வழுக்காத தரையும் சலுகை விலையில் கிடைத்தன. ஆனால் கம்பியை எங்கே பொருத்தச் சொல்வது என்று பல பாட்டிகளுக்குத் தெரியவில்லை. அக்கா பாட்டியை மூன்று தடவை உட்காரவைத்து எழுப்புவார். எழும்போது கை தானாகச் சுவரில் எங்கே போய் நிற்கிறதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு. "அளவு டேப்பில் இல்லை, பாட்டி கையில் இருக்கு" என்று எங்களிடம் சொல்வார்.

இதில் ஒரு வரிகூட நான் எழுதவில்லை. அவருடைய ஹோட்டல் வேலைகளின் படங்களை அழகாக அடுக்கி அனுப்பினேன். தேர்வுக்குழுவிலிருந்து ஒரே ஒரு கேள்வி வந்தது: "இவரால் இந்தத் துறையில் என்ன மாறியது?" பதில் என்னிடம் இருந்தது, கோப்பில்தான் இல்லை. திருத்தி அனுப்ப அவகாசமும் இல்லை. அடுத்த சுற்று வருவதற்குள் அக்கா அலுவலகத்தை மூடிவிட்டுப் பெர்த்தில் இருக்கும் மகளிடம் போய்விட்டார்.

கௌரவம் கிடைக்காமல் போனதைக்கூட ஆற்றிக்கொள்ளலாம். சேதியைச் சொல்லத் தொலைபேசியில் கூப்பிட்டேன். "சரி விடுப்பா, சனிக்கிழமை வகுப்பை இப்ப யார் எடுக்கிறா?" என்று கேட்டார். யாரும் எடுக்கவில்லை. அப்படி ஒரு வகுப்பு நடந்ததே எங்கள் ஏழெட்டுப் பேருக்கு வெளியே யாருக்கும் தெரியாது. எழுதியிருந்தால் குழுவில் ஒருவராவது படித்திருப்பார், இடம் கொடுத்திருப்பார், தொடர்ந்திருக்கும். இன்றும் யாராவது படக்கோப்பை நீட்டினால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

அதனால் இப்படி எழுதுங்கள். யாருக்கு என்ன கற்றுக்கொடுத்தார், அவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள், அவர் வருவதற்கு முன் எப்படி இருந்தது, பின் எப்படி ஆனது. படம் இரண்டு போதும்.

பதவியைத் தலைமை என்று எழுதுவது

செயற்குழுவில் 8 ஆண்டு இருந்தார் என்பது நாற்காலிக் கணக்கு. அந்த 8 ஆண்டில் எதற்காக வாதாடினார் என்று எழுதுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் எந்தக் குழுவிலும் இல்லை. ஆனால் வாடிக்கையாளரின் முன்பணத்துக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று, தன்னோடு வேலை செய்த ஒப்பந்தக்காரர்கள் ஒவ்வொருவரையும் பயனீட்டாளர் சங்கத்தின் கேஸ்டிரஸ்ட் அங்கீகாரம் வாங்கவைத்தார். அதுதான் தலைமை.

முதலாளிகளிடம் மட்டும் சான்று வாங்குவது

புதுக்கோட்டையிலிருந்து வந்து இங்கே தச்சுவேலை செய்யும் தம்பியிடமும் கேளுங்கள். எழுதச் சொன்னால் தயங்குவார். வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பச் சொல்லுங்கள். "டிராயிங்க கையில கொடுத்து, நீ படி, தப்பா இருந்தா நான் சொல்றேன்னாங்க" என்று ஒருவர் அக்காவைப் பற்றிச் சொன்னது என் காதிலேயே நிற்கிறது. அதை ஆங்கிலத்தில் பெயர்க்கும்போது மெருகேற்றாதீர்கள். தமிழ் மூலத்தையும் சேர்த்தே அனுப்புங்கள்.

முன்மொழியப்படுபவரிடம் சொல்லாமல் அனுப்புவது

கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

விழாவில் பேச 2 நிமிடம் கொடுப்பது

பொன்னாடை, மாலை, நினைவுப்பரிசு எல்லாம் சரி. சிறப்பு விருந்தினருக்கு அரை மணி நேரம், கௌரவம் பெறுபவருக்கு 2 நிமிடம் என்று நிகழ்ச்சி நிரல் போடாதீர்கள். 10 நிமிடமாவது வேண்டும். அவரிடம் கற்றவர்களையும் மேடைக்குக் கூப்பிடுங்கள்.

ஓய்வு பெறும்வரை காத்திருப்பது

அந்த இளைஞர்களின் மூத்தவருக்கு இப்போது 61 வயது. வியாழக்கிழமை தோறும் தோ பாயோவில் தனியாக இருக்கும் முதியவர்களின் வீடுகளுக்குப் போய், அலமாரி உயரத்தையும் விளக்கு ஸ்விட்சையும் சரிசெய்து தருகிறாராம். பேச்சுவாக்கில்தான் இதைச் சொன்னார்கள். கோப்பில் இல்லை. 36 பக்கத்தை உருவி எடுத்துவிட்டு, இந்த வியாழக்கிழமை ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அவர்கூடப் போகச் சொல்லி அனுப்பினேன்.