மின்னல் காட்டும் ஆண்டெனாவைச் சிறு விமானத்தில் எங்கே பொருத்துவது?

கோலாலம்பூரில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் வானத்தை நம்ப முடியாது. பக்கத்திலுள்ள சுபாங் விமான நிலையத்தில் செஸ்னா போன்ற சிறு விமானம் வைத்திருப்பவர்கள் மின்னல் உணர்கருவி பொருத்த ஆசைப்படுவது அதனால்தான். ஆண்டெனாவை எங்கே வைக்கலாம் என்று கேட்டால், பலரும் கூரையின் பின்பகுதியைக் காட்டுவார்கள். அங்கே இடம் காலியாக இருக்கும். ஆனால் நமக்கு வேண்டியது மின் இரைச்சல் குறைந்த இடம். அதைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டார்ம்ஸ்கோப் வகைக் கருவிகள் மின்னலிலிருந்து வரும் ரேடியோ அலைகளில் 50 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியைக் கேட்கின்றன. அந்த அலையின் நீளம் 6 கிலோமீட்டர். அவ்வளவு நீண்ட அலையை ஒரு சின்ன வாலோ இறக்கையோ மறைத்துவிடாது. தொல்லை தருவது விமானத்தின் சொந்த மின்சாரம். ஆல்டர்னேட்டர் (எஞ்சின் சுழற்றும் மின்னாக்கி), மிளிர் விளக்கு, எரிபொருள் பம்பு ஆகியவற்றின் மின்னோட்டம் திரும்பிப் போகும் வழி பெரும்பாலும் அலுமினிய உடல்தகடுதான். அந்த ஓட்டம் காந்தப்புலத்தை எழுப்பும். திசையைக் கண்டுபிடிக்க ஆண்டெனாவுக்குள் இருக்கும் சுருள்கள் அதையும் மின்னல் என்று எடுத்துக்கொள்ளும்.

முதல் படி: கையேடும் அனுமதியும்

உங்கள் கருவியின் பொருத்துகைக் கையேட்டைப் படியுங்கள். விமான உடலில் துளையிடுவது மாற்றமாகக் கருதப்படும் வேலை. உரிமம் பெற்ற பொறியாளர் கையெழுத்திட வேண்டும்; மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளும் பொருந்தும்.

இரண்டாம் படி: இடங்களைக் குறியுங்கள்

உடலின் நடுக்கோட்டை ஒட்டி, மேலே மூன்று, கீழே மூன்று இடங்களில் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். நடுக்கோடு ஏனென்றால், விமானத்தின் உடல் அலையைச் சற்று வளைக்கும். இரு பக்கமும் சமமாக இருந்தால் திசைப் பிழை குறையும். வயிற்றுப் பக்கம் வைத்தால் எண்ணெய்ப் பிசுக்கும் மழைநீரும் சேரும் என்பதையும் மனத்தில் வையுங்கள். உடல் உலோகமாக இல்லாமல் நாரிழையாக இருந்தால், உள்ளே உலோகத் தகடோ வலையோ தளமாகத் தேவைப்படும்.

மூன்றாம் படி: இரைச்சலை அளவிடுங்கள்

நேரம் செலவிட வேண்டியது இங்கேதான். காலையில் செய்யுங்கள். பிற்பகலில் கிள்ளான் பக்கம் உண்மையான இடி கிளம்பிவிட்டால் அளவுகள் எல்லாம் கலங்கிவிடும். விடியற்காலையில் சுமத்ராவிலிருந்து புயற்காற்று வந்த நாளாக இருந்தால் ஒத்திப்போடுங்கள். விமானத்தை ஹேங்கரிலிருந்து வெளியே தள்ளி, மின்கம்பிகளுக்கும் புதைகேபிள்களுக்கும் தொலைவில் நிறுத்துங்கள். வயிற்றுப் பக்கத்து இடங்கள் தரைக்கு அருகில் இருப்பதால், புதைகேபிள் அவற்றைத்தான் அதிகம் ஏமாற்றும்.

சோதனை ஆண்டெனாவின் முன்குறி மூக்கைப் பார்க்கும்படி முதல் இடத்தில் டேப்பால் ஒட்டுங்கள். எல்லாம் அணைந்த நிலையில் ஓர் அளவு. பிறகு ஒவ்வொன்றாகப் போடுங்கள்: மிளிர் விளக்கு, எரிபொருள் பம்பு, பிட்டோ சூடேற்றி (வேகம் அளக்கும் குழாயில் பனி உறையாமல் காப்பது), தானியங்கி ஓட்டியின் மோட்டார், டிரான்ஸ்பாண்டர் (ரேடாருக்குப் பதில் அனுப்பும் கருவி). ஒவ்வொன்றுக்கும் இரைச்சல் அளவை எழுதுங்கள். கடைசியில் எஞ்சினை இயக்கி ஆல்டர்னேட்டரைச் சேருங்கள். எஞ்சின் ஓடும்போது யாரும் விமானத்தை நெருங்கக் கூடாது. ஆண்டெனாவை இடம் மாற்ற வேண்டுமென்றால் எஞ்சினை நிறுத்திய பிறகுதான். நேரம் பிடிக்கும், பிடிக்கட்டும்.

என் அனுபவத்தில் ஒரு தவறு நடந்தது. கேபிள் சுருக்கமாக வரும் என்பதற்காக, அளவிடாமலே கூரையில் துளை போட்டுவிட்டோம். பளிச்சென்ற வானத்தில் பறக்கும்போது திரையின் வலது பின்பக்கத்தில் புள்ளிகள் குவிந்தன. மிளிர் விளக்கை அணைத்தால் புதிய புள்ளி வராது. போட்டால் மீண்டும் வரும். அந்த விளக்கின் தரைக்கம்பியை வால்பகுதித் தகட்டில் திருகியிருந்தார்கள். கம்பியை மின்வழங்கி வரை தனியாகக் கொண்டுபோனதும் பாதி தீர்ந்தது. மீதிக்கு ஆண்டெனாவையே நகர்த்த வேண்டியிருந்தது. பழைய துளையை ஒட்டுத்தகடு வைத்து மூடினோம். அதைப் பார்க்கும்போதெல்லாம் இன்றும் மனம் உறுத்துகிறது.

“அண்ணே, அளவு கொஞ்சம்தானே கூடியிருக்கிறது, இங்கேயே போட்டுவிடலாமா?” என்று பயிற்சிக்கு வரும் தம்பிகள் கேட்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரே பதில், அடுத்த இடத்தையும் அளந்து பார் என்பதுதான்.

நான்காம் படி: பொருத்துங்கள்

உடல்தகடு ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது. உள்பக்கம் வலுவூட்டும் தகடு வையுங்கள். கையேடு சொல்லும் இடத்தில் வண்ணப்பூச்சைச் சுரண்டி உலோகத்தோடு உலோகம் தொடவிடுங்கள். மின்தடை 2.5 மில்லி ஓமுக்குள் இருந்தால்தான் எனக்கு நிம்மதி. பிறகு ஓரங்களில் அடைப்புப் பசை பூசுங்கள். நம் ஊர் மழை சிறு இடுக்கையும் விடாது. கேபிளை ஆல்டர்னேட்டர், மிளிர் விளக்குக் கம்பிகளோடு சேர்த்துக் கட்டாதீர்கள். ரேடியோவில் பேசும் நேரத்தில் கருவி கேட்பதை நிறுத்திவைக்கும் இணைப்பு ஒன்று உண்டு, அதையும் போடுங்கள்.

ஐந்தாம் படி: சரிபாருங்கள்

ஆண்டெனா மேலேயா கீழேயா என்பதைக் கருவியின் அமைப்பில் தெரிவிக்க வேண்டும். மாற்றி வைத்தால் இடப்பக்க இடி வலப்பக்கம் தெரியும். விமானி தப்பிக்கத் திரும்பும் பக்கமே புயலாக இருக்கும். ஆகவே முதல் பறத்தலில் எல்லா மின்கருவிகளையும் போட்டு, தெளிந்த வானில் திரை வெறுமையாக இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு மலாக்கா நீரிணைப் பக்கம் இடிமேகம் திரண்டிருக்கும் ஒரு நாளில், பாதுகாப்பான தொலைவில் இருந்தபடி, கண்ணுக்குத் தெரியும் மேகமும் திரையின் புள்ளிகளும் ஒரே திசையில் இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள். விமானத்தைத் திருப்பி மூக்கு, வால், இடம், வலம் நான்கிலும் அதே மேகத்தை வைத்துப் பார்த்த பிறகு பதிவேட்டில் எழுதுங்கள்.