முதியவர்களைப் பார்க்கப் போகும் புது நர்சுகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக வேலைக்கு வரும் நர்சுகளைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போவது என் வேலையில் ஒரு பகுதி. எல்லாரும் கெட்டிக்காரப் பிள்ளைகள். ஊசி போடுவதிலோ ரெஜிஸ்டர் எழுதுவதிலோ குறை சொல்ல முடியாது. ஆனால் எழுபது வயதைத் தாண்டியவர் முன்னால் உட்கார்ந்ததும், எங்கள் தலைமுறை எங்கெங்கே தடுக்கி விழுந்ததோ, சொல்லிவைத்தாற்போல் அங்கேயே இவர்களும் விழுகிறார்கள்.

கை கழுவுங்கள், பெயரைச் சரிபாருங்கள், காலாவதித் தேதியைப் பாருங்கள் என்றெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அதை நர்சிங் காலேஜிலேயே மண்டையில் ஏற்றி அனுப்பியிருப்பார்கள். நன்றாகப் படித்தவர்களும் கோட்டை விடுகிற விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

பிபியை உட்கார வைத்து மட்டும் பார்ப்பது

தலைசுற்றல் என்று சொல்பவரை நாற்காலியில் உட்கார வைத்து, பட்டையைக் கட்டி, 138/80 என்று எழுதிவிட்டு "பிபி நல்லாத்தான் இருக்கு பாட்டி" என்பார்கள். பாட்டிக்குத் தலை சுற்றுவது நாற்காலியில் இல்லை, விடியற்காலையில் பாயிலிருந்து எழும்போது.

ஐந்து நிமிடம் படுக்க வைத்து ஒரு தடவை பாருங்கள். எழுந்து நின்றதும் முதல் நிமிடத்தில் ஒரு தடவை, மூன்றாவது நிமிடத்தில் ஒரு தடவை. மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் அதைத் தனியாகக் குறித்து டாக்டரிடம் காட்ட வேண்டும். நிற்க வைக்கும்போது பக்கத்தில் ஒருவர் கையைப் பிடித்துக்கொள்ளட்டும். பரிசோதனை செய்யப் போய் இடுப்பை உடைத்து வைக்கக் கூடாது.

புதுத் தொந்தரவா, உடனே புது மாத்திரை

இதைப் பற்றித்தான் கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். இத்தனை வருடம் கழித்தும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான்.

ஒரு வீடு. பாட்டிக்கு எழுபத்தெட்டு வயது இருக்கும். போன வருடம் வரை ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போட்டவர், இப்போது கயிற்றுக் கட்டிலை விட்டு இறங்குவதில்லை. முகத்தில் ஓர் அசைவும் இல்லை. வலது கை மடியில் கிடந்து ஆடிக்கொண்டிருந்தது. பேரன் பெயரைக் கேட்டால் தம்பி பெயரைச் சொல்கிறார். என்னோடு வந்த புது நர்ஸ் பத்து நிமிடத்தில் சீட்டை எழுதி முடித்துவிட்டார்: "பார்க்கின்சன், மறதி நோய். மேல் சிகிச்சைக்குப் பரிந்துரை." குடும்பம் ஏற்கெனவே தலைக்கு ஸ்கேன் எடுத்திருந்தது. மருமகளின் சங்கிலி அதற்காக அடகுக் கடையில் இருந்தது.

"மாத்திரையெல்லாம் எங்கம்மா வெச்சிருக்கீங்க?" என்று கேட்டேன். மருமகள் ஒரு பழைய ஸ்வீட் பாக்ஸைக் கொண்டுவந்து பாயில் கொட்டினார். பாதி தின்ற அட்டைகள், பெயர் கிழிந்த அட்டைகள், வெவ்வேறு இடங்களில் எழுதி வாங்கிய நான்கு சீட்டுகள். சீட்டுகளைத் தேதி வாரியாகப் பாயில் வரிசையாக அடுக்கினேன். பாட்டியின் ஒரு வருடக் கதை அதிலேயே இருந்தது.

முதல் சீட்டில் பிபிக்கு அம்லோடிபின், 5 மி.கி.யிலிருந்து 10 மி.கி.யாகக் கூட்டியிருந்தார்கள். அதன் பிறகு இரண்டு கணுக்காலும் வீங்கின. இந்த மருந்துக்கு இது தெரிந்த பக்கவிளைவு. அளவு கூடக் கூட வீக்கமும் கூடும். தமனி பக்கத்துச் சிறு குழாய்கள் விரிகின்றன, சிரை பக்கம் அந்த அளவுக்கு விரிவதில்லை. நடுவில் இருக்கிற நுண்குழாய்களில் அழுத்தம் ஏறி நீர் வெளியே கசிகிறது. உடம்பில் உப்பும் நீரும் தேங்கி வருகிற வீக்கம் இல்லை என்பதால் நீர் பிரிக்கும் மாத்திரைக்கு இது சரியாக வற்றாது. ஆனால் இரண்டாவது சீட்டில் இருந்தது அதுவேதான்: பியூரோசமைட். "கால்ல தண்ணி கோத்திருக்கு" என்றார்களாம்.

அது சித்திரை மாத வெயில். பாட்டிக்கு அடிக்கடி சிறுநீர் போயிற்று. ராத்திரியில் வெளியே போகப் பயந்து தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார். எழுந்தால் கண் இருட்டியது. மூன்றாவது சீட்டில் தலைசுற்றலுக்கு சின்னரிசின், தினம் மூன்று வேளை. எத்தனை நாளைக்கு என்று எழுதவில்லை, அதனால் மெடிக்கலில் அதே சீட்டைக் காட்டி மாதாமாதம் வாங்கியிருக்கிறார்கள். சின்னரிசின் மூளையில் டோபமைனை, அதாவது உடம்பின் அசைவைச் சீராக்கும் ரசாயனத்தைத் தடுக்கும். வயதானவர்கள் அதை மாதக்கணக்கில் சாப்பிட்டால் கை நடுங்கும், நடை தேயும், முகம் இறுகும். பார்ப்பதற்கு அசல் பார்க்கின்சன் போலவே இருக்கும். நான்காவது சீட்டு அந்த நடுக்கத்துக்கு: டிரைஹெக்சிபெனிடில். அது வாயை உலர்த்தும், மலத்தைக் கட்டும், சிறுநீரை அடைக்கும், வயதானவர்களின் நினைவைக் குழப்பும்.

பேரன் பெயர் மறந்த காரணம் அந்த நான்காவது அட்டைதான் என்று அப்போதே என்னால் சத்தியம் செய்திருக்க முடியாது. ஆனால் அந்த வரிசையைப் பார்க்காமல் மறதி நோய் என்று எழுதியது தப்பு. சீட்டு எழுதிய நால்வரில் யாரும் மோசமான டாக்டர் இல்லை. ஒவ்வொருவரும் அன்றைக்குச் சொன்ன தொந்தரவுக்கு மருந்து கொடுத்தார்கள். நான்கு சீட்டையும் ஒன்றாகப் பார்க்க ஆள் இல்லை. அந்த ஆள் நாம்தான். வீட்டுக்குள் போய்ப் பாயில் உட்காருகிறவர் நாம் மட்டும்தானே.

ஒரு மருந்தின் பக்கவிளைவுக்கு இன்னொரு மருந்து, அதன் பக்கவிளைவுக்கு மற்றொன்று என்று நீளும் இந்த மருந்துச் சங்கிலியைப் பற்றி, முதியோர் மருத்துவர்களான கனடாவின் பவுலா ரோஷானும் அமெரிக்காவின் ஜெர்ரி குர்விட்சும் 1990-களிலேயே மருத்துவ இதழ்களில் எழுதிவிட்டார்கள். இது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. அதனால்தான் எரிச்சல்.

பாட்டியின் சீட்டுகளைத் தேதியோடு ஒரே தாளில் எழுதி மருத்துவ அலுவலரிடம் கொடுத்தோம். அவர் கடைசியில் சேர்ந்ததிலிருந்து ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே வந்தார். பிபி மருந்தை மாற்றினார். பேச்சுத் தெளிவு முதலில் வந்தது. கை நடுக்கம் போகப் பல மாதம் ஆயிற்று. அது அப்படித்தான், நிறுத்திய மறுநாளே போய்விடாது. சிலருக்கு முழுக்கப் போகாமலும் இருக்கும். மருமகளின் சங்கிலியை அடகுக் கடையிலிருந்து மீட்டார்களா என்று நான் கேட்கவில்லை.

இந்த மருந்துச் சங்கிலிக்கு இன்னும் பல உருவம் உண்டு. பிபிக்கு எனலாப்ரில், ராமிப்ரில் சாப்பிடுகிற ஐயாவுக்கு வறட்டு இருமல். அதற்குத் தூக்கம் வருகிற இருமல் சிரப். அதில் இருக்கிற குளோர்பெனிரமின் புராஸ்டேட் வீங்கியவருக்குச் சிறுநீரை அடைத்துவிடும், பிறகு ராத்திரியோடு ராத்திரியாக டியூப் போட ஓட வேண்டும். மூட்டுவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்குகிற டைக்ளோபினாக் பிபியை ஏற்றும், ஏறிய பிபிக்கு இன்னொரு மாத்திரை சேரும்.

அதனால் வயதானவர் புதுத் தொந்தரவு சொன்னால், அது எப்போது ஆரம்பித்தது, அதற்கு முந்தைய சில வாரங்களில் எந்த மாத்திரை சேர்ந்தது, கூடியது, கம்பெனி மாறியது என்று முதலில் கேளுங்கள். "வேற மாத்திரை ஏதாச்சும் சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் "இல்ல சிஸ்டர்" என்றுதான் பதில் வரும். மெடிக்கலில் வாங்கும் வலி மாத்திரையை, கண் சொட்டு மருந்தை, நாட்டு மருந்துப் பொடியை யாரும் மாத்திரைக் கணக்கில் சேர்ப்பதில்லை. கேட்காதீர்கள், கொட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஒரே மருந்து இரண்டு பெயரில் இரண்டு அட்டையாக இருப்பதும் அப்போதுதான் கண்ணில் படும்.

கால் வீக்கம் என்றால் எல்லாவற்றையும் மருந்தின் தலையில் கட்டிவிடவும் கூடாது. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் ரத்தக் கட்டியாக இருக்கலாம், அன்றே அனுப்புங்கள். படுத்தால் மூச்சு முட்டினால் இதயத்தைப் பார்க்க வேண்டும். காலையில் முகம் உப்பியிருந்தால் சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்க்க வேண்டும்.

இன்னொன்று. சங்கிலியைக் கண்டுபிடித்த குஷியில் "இதை இன்னைக்கே நிறுத்திடுங்க பாட்டி" என்று சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். அட்டெனலால், மெட்டோபுரலால் மாதிரியான பிபி, இதய மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் நெஞ்சுவலி வரும், பிபி எகிறும். கண்டுபிடித்து எழுதுவது நம் வேலை. குறைப்பதும் நிறுத்துவதும் டாக்டர் சொல்லி நடக்க வேண்டும்.

"வயசாச்சு" என்று எழுதுவது

சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கென்று தனி வெளிநோயாளர் பிரிவு 1978-லேயே வந்துவிட்டது. 2024-ல் கிண்டியில் தேசிய முதியோர் மருத்துவமனையும் திறந்தாயிற்று. இன்னமும் நம் ரெஜிஸ்டரில் காரணம் என்ற கட்டத்தில் "வயது மூப்பு" என்று எழுதுகிறார்கள்.

நேற்று வரை நன்றாகப் பேசியவர் இன்று உளறினால் அது வயது இல்லை. திடீரென்று ஆரம்பித்ததா? காலையில் தெளிவு, சாயங்காலம் குழப்பம் என்று ஏறி இறங்குகிறதா? கவனம் நிற்கிறதா? கவனத்தைப் பார்க்கப் பெரிய கருவி வேண்டாம். கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்லுங்கள்: சனி, வெள்ளி, வியாழன். பள்ளிக்கூடம் போகாத பாட்டிகூடச் சொல்லிவிடுவார். பாதியில் விட்டுவிட்டு விட்டத்தைப் பார்த்தால் அது அவசரம். சர்க்கரையைக் குத்திப் பாருங்கள், அடிவயிற்றைத் தொட்டுச் சிறுநீர் தேங்கியிருக்கிறதா என்று பாருங்கள், மலம் போய் எத்தனை நாள் என்று கேளுங்கள், அனுப்புங்கள்.

கத்துகிறவரை எல்லாரும் கவனிப்பார்கள். சத்தமே இல்லாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவரைத்தான் "இன்னைக்கு அமைதியா இருக்காங்க" என்று விட்டுவிடுகிறோம்.

கிரியாட்டினின் 1.0, நார்மல்

லேப் தாளில் நட்சத்திரக் குறி இல்லை என்றதும் தாளை மடித்து வைத்துவிடுவார்கள். கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது, சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு. வயதானால் தசை வற்றும், கிரியாட்டினினும் குறைவாகத்தான் சுரக்கும். சிறுநீரகம் பாதியாகத் தேய்ந்திருந்தாலும் எண் அழகாகத் தெரியும்.

சிறுநீரகம் எந்த அளவுக்கு வேலை செய்கிறது என்று சொல்லும், 1976-ல் வந்த காக்கிராஃப்ட்-கால்ட் கணக்கைப் போனிலேயே போட்டுப் பார்க்கலாம். 140-லிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, கிரியாட்டினினை 72-ஆல் பெருக்கி வருகிற எண்ணால் வகுக்க வேண்டும். பெண் என்றால் 0.85-ஆல் பெருக்க வேண்டும். 30 வயது, 70 கிலோ இளைஞருக்குக் கிரியாட்டினின் 1.0 என்றால் விடை நிமிடத்துக்கு 107 மி.லி. 80 வயது, 45 கிலோ பாட்டிக்கு அதே 1.0 என்றால் 32. அவருக்குப் போய் வலி மாத்திரையை அள்ளிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். எடை பார்க்காமல் இந்தக் கணக்கு வராது, அதனால் எடை மிஷினைச் சுமந்துகொண்டு போகச் சோம்பல் படாதீர்கள்.

காய்ச்சல் இல்லை, அதனால் தொற்று இல்லை

வயதானவர்களுக்கு நிமோனியாவே காய்ச்சல் இல்லாமல் வரும். 100 டிகிரி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வழக்கமாக 97 இருப்பவருக்கு 99.2 என்றால் அவர் கணக்கில் அது காய்ச்சல்தான். மூச்சை முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். 25-ஐத் தொட்டால் நெஞ்சைக் கேட்க டாக்டர் வேண்டும். எல்லாருக்கும் 18 என்று எழுதி வைப்பது எனக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள்.

சுகரை 110-க்கு இறக்கியே தீருவது

பல நோய் சேர்ந்த, தள்ளாத வயதுக்காரருக்கு ஹெச்பிஏ1சி (கடந்த மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் சோதனை) 8-க்குக் கீழே இருந்தாலே போதும் என்பதுதான் இப்போதைய வழிகாட்டுதல். தாழ் சர்க்கரைதான் அவர்களைச் சீக்கிரம் கொல்லும். சர்க்கரைக்குக் கிளிபென்கிளமைடு சாப்பிடுகிறவரிடம், சிறுநீரகம் தளர்ந்தவர் என்றால் இன்னும் கவனமாக, கிருத்திகை, ஏகாதசி விரதம் உண்டா என்று கேளுங்கள். சோற்றை விட்டுவிடுவார்கள், மாத்திரையை மட்டும் தவறாமல் போடுவார்கள். கூடவே அட்டெனலாலும் இருந்தால் படபடப்பும் நடுக்கமும் வந்து எச்சரிக்காது. நேராக மயக்கம்தான்.

சும்மா ஒரு யூரின் கல்ச்சர்

எரிச்சல், காய்ச்சல், அடிவயிற்று வலி எதுவும் இல்லையா? சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் இந்தச் சோதனைக்கு அனுப்பாதீர்கள்.

மகனிடம் கேட்டு எழுதுவது

மாத்திரையை விழுங்குகிறவரிடம் கேளுங்கள். காது கேட்கவில்லை என்றால் முதலில் காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.