ஜவ்வாது மலைப் புகை: முதல்முறை அத்தர் கலப்பவர்களுக்கு

மார்கழி மாதம், சாயங்காலம் ஆறு மணி இருக்கும். ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரைத் தாண்டி ஒரு மலைக்கிராமத்தில் நின்றிருந்தேன். சாமை அறுத்த கொல்லையில் தாள் மட்டும் மிச்சம். வீடுகளில் அடுப்பு மூட்டியிருந்தார்கள். குளிருக்குப் புகை மேலே ஏறவில்லை. கூரையிலிருந்து இறங்கி, தரையோடு ஊர்ந்து கொல்லைக்குள் போனது. ஈரமண், காய்ந்த தாள், அப்போதுதான் பிளந்த விறகு, எல்லாவற்றின் மேலும் மெல்லிசாகப் புகை. அந்த மணம்தான் நாம் செய்யப்போகும் அத்தர்.

குறிஞ்சி நிலத்துச் சங்கப் பாடல்களில் தினைப்புனத்துக்காகச் சுட்ட அகிலும் சந்தனமும் மணக்கும். மலையைப் புகையால் அறிவது நமக்குப் புதிதல்ல. பூவும் இனிப்பும் இதில் சேராது. ஆண், பெண் யார் பூசினாலும் பொருந்தும்.

வாங்க வேண்டியவை

10 மில்லி கண்ணாடி ரோல்-ஆன் குப்பி ஒன்று, கலப்பதற்கு மூடியுள்ள சின்னக் கண்ணாடிக் குப்பிகள் இரண்டு, சொட்டுக்குழாய்கள், ஒரு நோட்டு. பிளாஸ்டிக் குப்பி வேண்டாம். எண்ணெய்கள் அதை அரிக்கும். அடி எண்ணெயாக ஜொஜோபா என்ற விதை எண்ணெயை வாங்குங்கள். அதற்கு மணம் குறைவு, சீக்கிரம் சிக்கெடுக்காது. தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் தங்கள் வாசனையைச் சேர்த்துவிடும். சானிடைசர், சர்ஜிகல் ஸ்பிரிட் எதையும் இதில் ஊற்றாதீர்கள்.

மண்ணுக்கு வெட்டிவேர் எண்ணெய். கடலூர்ப் பக்கத்து மணற்பாங்கான நிலத்தில் விளையும் வேரிலிருந்து வடிப்பது கிடைத்தால் நல்லது. வேரைத் தண்ணீர்ப் பானையில் போடும்போது வரும் குளுமை மட்டுமல்ல இதில் இருப்பது. அடியில் லேசான புகையும் கசப்பும் உண்டு. கோரைக்கிழங்கு எண்ணெய், கடையில் நாகர்மோத்தா என்று கேளுங்கள். என்னைப் பொறுத்தவரை இந்த அத்தரின் உயிரே அதுதான். அணைந்த விறகின் மணத்தைத் தீயே இல்லாமல் தருவது அது. மரத்துக்குத் தேவதாருவும் சந்தனமும். கூடவே குந்திரிக்கம், மிளகு, ஏலக்காய் எண்ணெய்கள்.

கடைசியாகக் கேட் ஆயில் (cade oil). மத்தியதரைக் கடல் பக்கத்து ஜூனிபர் கட்டையைச் சூடாக்கி வடிக்கும் தார் இது. 'ரெக்டிஃபைட்' என்று போட்டதை மட்டும் வாங்குங்கள். சுத்திகரிக்காத தாரில் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருட்கள் இருக்கும்.

முதல் படி: புகையை அடக்குவது

மற்ற எதையும் தொடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். ஒரு சின்னக் குப்பியில் 1 மில்லி ஜொஜோபா, அதில் ஒரே ஒரு சொட்டு கேட் ஆயில். மூடிக் குலுக்கி, 'புகை' என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.

முதல்முறை நான் இப்படி நீர்க்கவில்லை. கேட் ஆயிலை நேராக இரண்டு சொட்டு விட்டேன். மலை போய்விட்டது, எரிந்துபோன குடிசையின் வாடைதான் மிஞ்சியது. சந்தனத்தைக் கூட்டினேன், ஏலக்காயைக் கூட்டினேன், எதுவும் அதை மூடவில்லை. அத்தனை சந்தனமும் வீண். புகையைக் குறைத்துப் போட்டால் பிறகு கூட்டிக்கொள்ளலாம். கூடிவிட்டால் எடுக்க வழியில்லை.

இரண்டாம் படி: ஒவ்வொன்றாக முகர்வது

கெட்டிக் காகிதத்தை விரலகலத்தில் கீறி, ஒவ்வொரு எண்ணெயிலும் நுனியை மட்டும் தொட்டு எடுங்கள். உடனே ஒருமுறை, அரை மணி கழித்து ஒருமுறை, மறுநாள் காலை ஒருமுறை முகர்ந்து, தோன்றுவதை எழுதுங்கள். மிளகும் ஏலமும் சீக்கிரம் அடங்கும். வெட்டிவேர் மறுநாளும் இருக்கும். மூக்கு மரத்துப்போனால் உங்கள் முழங்கைச் சட்டையை முகருங்கள், தெளியும்.

மூன்றாம் படி: கலப்பது

வெட்டிவேர் எண்ணெய் பாகுபோல இருந்தால் குப்பியை வெந்நீரில் கொஞ்ச நேரம் வையுங்கள், அடுப்பில் காட்டாதீர்கள். காலிக் குப்பியில் இந்த வரிசையில் விடுங்கள்:

வெட்டிவேர் 6 சொட்டு
நாகர்மோத்தா 4
சந்தனம் 6
தேவதாரு 8
குந்திரிக்கம் 3
மிளகு 2
ஏலக்காய் 1
நீர்த்த 'புகை' 3

சந்தனம் விலை அதிகம். கட்டுப்படியாகாவிட்டால் 2 சொட்டு சந்தனமும் 12 சொட்டு தேவதாருவும் போடுங்கள், மோசமாக இருக்காது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஜவ்வாது மலையில் நிற்கும் சந்தன மரத்தின் பக்கத்தில் போய் நின்றால் மணக்காது. மணமெல்லாம் உள்ளே வைரம் பாய்ந்த கட்டையில்தான். இந்த அத்தரிலும் சந்தனம் முதலில் தெரியாது. மிளகு போய், இரண்டு மணி நேரம் கழித்துத் தோலோடு ஒட்டி மெதுவாக வரும். அதற்காகவே 6 சொட்டும் போடுங்கள் என்கிறேன்.

மூடிக் குலுக்கி மூன்று நாள் இருட்டான அலமாரியில் வையுங்கள். பிறகு ரோல்-ஆன் குப்பிக்கு மாற்றி, கழுத்துவரை ஜொஜோபா நிரப்புங்கள். சுமார் எட்டரை மில்லி பிடிக்கும்.

நான்காம் படி: காத்திருப்பது

நான்கு வாரம். வாரம் ஒருமுறை குலுக்கினால் போதும். முதல் வாரம் ஒவ்வொரு எண்ணெயும் தனித்தனியாக நிற்கும், மிளகு மூக்கில் குத்தும். அப்போதே திருத்தப் போகாதீர்கள். மூன்றாம் வாரத்தில் மிளகின் முனை மழுங்கி, வெட்டிவேரும் நாகர்மோத்தாவும் ஒன்றாகிவிடும்; எது எதுவென்று பிரிக்க முடியாது.

பூசுவதற்கு முன் முழங்கையின் உள்பக்கம் ஒரு துளி தடவி 24 மணி நேரம் பாருங்கள். அரிப்போ சிவப்போ வந்தால் கழுவிவிட்டு நிறுத்துங்கள். ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் பூச வேண்டாம்.

நான்கு வாரம் கழித்தும் புகை போதவில்லை என்று தோன்றினால் 'புகை' குப்பியிலிருந்து ஒரே ஒரு சொட்டு சேர்த்து, இன்னும் ஒரு வாரம் வையுங்கள். மண்வாடை தூக்கலாக இருந்தால் இந்தக் குப்பியை விட்டுவிட்டு, அடுத்ததில் வெட்டிவேரை 4 சொட்டாக்குங்கள். எதை மாற்றினாலும் தேதியோடு நோட்டில் குறித்து வையுங்கள்.