வாசிக்கிறவருக்கு எந்தச் செயலி?

"சித்தி, புத்தகம் வாசிக்கிறவர்களுக்கு எந்தச் செயலி நல்லது?" என்று அக்காவின் மகள் போன மாதம் கேட்டாள். நான் பெயர் எதுவும் சொல்லவில்லை. "ஒரு கிழமை எப்போது, எதை, எவ்வளவு நேரம் வாசிக்கிறாய் என்று கொப்பியில் எழுதிக்கொண்டு வா" என்றேன். நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள்.

என் கொப்பி இப்படி இருந்தது. காலையில் நெல்லியடியில் பஸ் ஏறினால் யாழ்ப்பாணம் சேரும்வரை கைத்தொலைபேசியில் கட்டுரையும் கவிதையும். இரவில் விறாந்தையில் அச்சுப் புத்தகம், இருபது பக்கம். பிடித்த வரிக்குப் பென்சில் கோடு. மாத முடிவில் எதை வாசித்தேன் என்பதே நினைவில் இல்லை. பஸ்ஸில் வாசிக்க, பிடித்த வரியைப் பகிர, வாசித்ததை மறக்காமலிருக்க: இவை மூன்று தேவைகள். ஒரே செயலியில் மூன்றையும் தேடித்தான் அதுவரை அலைந்திருக்கிறேன்.

மறதிக்கு வாசிப்புப் பட்டியல் வேண்டும். 2007 இல் தொடங்கி 2013 இல் அமேசன் வாங்கிய குட்ரீட்ஸில் வாசகர் கூட்டம் பெரிது. நான் இருப்பது நாடியா ஒடுனாயோ உருவாக்கிய ஸ்டோரிகிராஃபில். புத்தகத்துக்கு அரை, கால் நட்சத்திரமும் கொடுக்கலாம். எத்தனை பக்கம் வாசித்தோம் என்று வரைபடமும் காட்டும். குட்ரீட்ஸ் பட்டியலைக் கோப்பாக இறக்கி அப்படியே இங்கே ஏற்றலாம். எதில் சேர்ந்தாலும் முதலில் அலுமாரியிலிருந்து ஐந்து தமிழ்ப் புத்தகங்களை எடுத்துத் தேடிப் பாருங்கள். எனக்கு இரண்டுதான் அகப்பட்டன. யாழ்ப்பாணத்தில் அச்சான கவிதைத் தொகுப்பு ஒன்றை நானே சேர்த்தேன்: பெயர், ஆசிரியர், பக்க எண்ணிக்கை, அட்டைப்படம். பத்து நிமிட வேலை. நம் ஊர்ப் புத்தகங்களை வேறு யாரும் வந்து சேர்க்கப்போவதில்லை. இதைத் தயவுசெய்து செய்யுங்கள்.

பென்சில் கோடு போட்ட வரியைப் பகிர்கிறவர் எழுத்துக் கணக்கைப் பார்க்க வேண்டும். 'புத்தகம்' நமக்கு ஐந்து எழுத்து. எக்ஸ் (முன்னைய ட்விட்டர்) அதை எட்டாக எண்ணுகிறது. மெய்யின் புள்ளியும் உகரக் குறியும் அங்கே தனித்தனிக் கணக்கு. அதனால் இலவசக் கணக்கின் 280 என்ற எல்லை தமிழுக்குச் சட்டென்று முடிந்துவிடும். அதே மாதிரியான இன்னொரு தளமான புளூஸ்கையின் எல்லை 300. அது நம்மைப் போலவே ஐந்து என்று எண்ணுகிறது. ஒரு வெண்பாவைப் போட்டு அதன் கீழ் இரண்டு வரி விளக்கமும் எழுதலாம்.

பஸ்ஸில் வாசிப்பவருக்குப் பதிவுகள் வரும் ஒழுங்குதான் முக்கியம். ஒரு செயலியில் தோழியின் கட்டுரையைப் பாதி வாசித்திருந்தேன். கோப்பாய்க்கு அருகே திரை தானாகப் புதுப்பித்துக்கொண்டது. கட்டுரை போய்விட்டது, அன்று முழுவதும் தேடியும் கிடைக்கவில்லை. மஸ்டடோன் என்ற சமூக வலைத்தளத்தில் நாம் பின்தொடர்பவர்களின் பதிவுகள் வந்த வரிசையிலேயே நிற்கும்; நாளுக்கு ஒரு தடவை வாசிப்பவருக்கு அது ஏற்றது. ஆனால் நம்மவர்கள் நீளமாக எழுதுவது இன்னும் முகநூலில்தான். அங்கே கட்டுரையைக் கண்டதும் சேமித்துவிட்டுப் பிறகு வாசியுங்கள்.

டெலிகிராமில் புதுப் புத்தகங்களின் பிரதியை அனுமதியில்லாமல் சுற்றுக்கு விடும் சனல்களில் சேராதீர்கள். இங்கே பல எழுத்தாளர்கள் கைக்காசு போட்டுத்தான் நூல் அச்சிடுகிறார்கள். பழைய நூல்கள் வேண்டுமென்றால் 2005 முதல் இயங்கும் நூலகம் தளமும், 1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற மின்னூல் தளமும் இருக்கின்றன. ஈழத்து இதழ்களின் பழைய பிரதிகளை நூலகம் தளத்தில் பக்கம் பக்கமாகப் பார்க்கலாம்.

அக்கா மகளின் கொப்பி வந்தது. ஏழில் ஐந்து நாள் இரவு பதினொரு மணிக்குப் பிறகு, நாவல் மட்டும். வாசித்ததைப் பற்றி யாருடனும் கதைக்க விருப்பமில்லை என்றும் எழுதியிருந்தாள். ஸ்டோரிகிராஃப் ஒன்றை மட்டும் போட்டு, கணக்கைப் பிறர் பார்க்க முடியாதபடி மாற்றி, அறிவித்தல்களையும் நிறுத்திக் கொடுத்தேன். அன்றிரவே அம்மம்மாவின் அலுமாரியில் கிடந்த, அட்டை கிழிந்த நாவல் ஒன்றைப் பட்டியலில் சேர்த்திருந்தாள்.